தோட்டாவின் விலையும் ‘திறமை’ என்னும் சொல்லும்

பதக்கம் கிடைத்ததும் ‘திறமை வென்றது’ என்று எழுதுகிறோம். கணக்கைப் பாருங்கள். 50 மீட்டர் மும்முறைத் துப்பாக்கிச் சுடுதலில் தகுதிச் சுற்றுக்கு மட்டும் 60 தோட்டாக்கள். பயிற்சிக்குப் பல ஆயிரம். உயர்தரத் தோட்டாக்கள் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 2008 ஆகஸ்டில் யூரோ சுமார் 63 ரூபாய்; சுவப்னில் குசாலே வெண்கலம் வென்ற 2024 ஆகஸ்டில் சுமார் 90. அங்கே விலை அசையாதிருந்தாலும் இங்கே ஏறத்தாழ 40 விழுக்காடு ஏறியிருக்கும்.

மீண்டும் நிரப்பிச் சிக்கனம் செய்யலாமே என்பீர்கள். .22 தோட்டாவின் பற்றுமருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும். எதையும் வீணாக்காத தாராவியிலும் அந்தக் கூடு பழைய பித்தளையாக எடைக்குத்தான் போகும்.

வென்றபின் அளிக்கும் பரிசுத்தொகையில் ஒரு பங்கையேனும் பள்ளிப் பருவத்திலேயே தோட்டாவாகக் கொடுங்கள். அதன்பின் திறமையை அளப்போம்.