லாஸ்பேட்டை விமானமும் நாமும்

பிரெஞ்சு கவர்னர் லா பெயரால் வந்த ஊர் லாஸ்பேட்டை. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். அங்குள்ள விமான நிலையம் புதுச்சேரியுடையது என்றாலும், கடலூர்க்காரருக்கு அதுதான் பக்கம். சிதம்பரத்துக்காரருக்கும் மீனம்பாக்கம் போகிற தூரத்தில் பாதிகூட இல்லை.

ஆனால் அதை நம்பிப் பயணம் வைக்க முடிந்ததா? 2013-ல் புது டெர்மினல் திறந்து பெங்களூருக்கு விமானம் விட்டார்கள். அடுத்த வருஷமே நின்றது. 2015-ல் மறுபடி வந்து சில மாதமே ஓடியது. 2017-ல் உடான் திட்டத்தில் வந்த ஹைதராபாத் சேவை 2024-ல் நின்றது. அந்த டிசம்பரில் வேறொரு கம்பெனி வந்தது.

ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். ஏ.டி.ஆர். போன்ற, எழுபது எண்பது பேர் ஏறும் விசிறி விமானமே இறங்கும். பெரிய ஜெட் வர நீளம் போதாது. நீட்டுவதற்கோ தமிழ்நாட்டுப் பக்கத்து நிலம் வேண்டும். அதனால் கோப்பு இரண்டு அரசுகளுக்கு நடுவே அலைகிறது. கோப்பு அலைந்தால் என்ன ஆகும் என்று குமாஸ்தா வேலை பார்த்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்மிடம் நெய்வேலி இருக்கிறதே என்பார்கள். ஒருகாலத்தில் வாயுதூத் வந்த இடம்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலையங்களை அரைகுறையாக வைப்பதைவிட, ஒன்றை முழுசாக நடத்தலாம். அடுத்தவர் நிலையம் என்று நம் அரசு ஒதுங்கக் கூடாது. ஏறப்போவது நம் ஜனங்களும்தான். நிலம் கொடுப்பவர் கையில் நியாயமான விலை முதலில் சேரட்டும். பிறகு ஓடுதளம் நீளட்டும்.