உள்ளே ஒன்றுமில்லை என்பதே தகுதியா?

ஒலி போகும் வழியில் எதையும் வைக்காதே, அதுவே தூய்மை என்றொரு நம்பிக்கை நம் ஹை-ஃபை பிரியர்களிடம் வேரூன்றிவிட்டது. மஸ்ஜித் இந்தியாவில் பழைய இளையராஜா இசைத்தட்டு தேடுகிறவரும் சரி, பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் சந்தையில் ஆம்ப் பேரம் பேசுகிறவரும் சரி, பேஸிவ் ப்ரீஆம்ப் என்றதும் பக்தியோடு பேசுகிறார்கள். டிரான்சிஸ்டர் இல்லை, ஆகவே குறையும் இல்லையாம்.

உள்ளே இருப்பது ஒரு வால்யூம் பாட், ஒரு செலக்டர் சுவிட்ச், சில ஆர்சிஏ சாக்கெட். புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் வாங்கி ஒரே மாலையில் பற்றவைத்துவிடலாம். அதற்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பவர் விற்பது அலுமினியப் பெட்டியைத்தான்.

சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது; பல பவர் ஆம்ப்கள் ஒன்று, ஒன்றரை வோல்ட்டிலேயே முழு வலிமைக்கு வந்துவிடும். அங்கே பெருக்கம் தேவையில்லை, உண்மைதான். அதனால் வேறெதுவுமே வேண்டாம் என்று தாவுவதில்தான் கோளாறு. 100 கிலோஓம் பாட், மின்னழுத்தத்தைப் பாதியாக்கும் இடத்தில், 25 கிலோஓம் மின்மறுப்போடு நிற்கிறது. அதிலிருந்து 5 மீட்டர் கேபிள் இழுத்து, மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால், 12,700 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் சரிந்துவிடும். ஜால்ராவும் சலங்கையும் மங்கும். அந்த மங்கலைத்தான் 'இதமான அனலாக் ஒலி' என்று கொண்டாடுகிறார்கள்! அதே பெட்டியில் 10 கிலோஓம் பாட்டும் 1 மீட்டர் கேபிளும் போட்டால் அந்தச் சரிவு காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். சிடி பிளேயருக்கு அந்தச் சுமையைத் தாங்கும் தெம்பு இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் 2008-இல் வெளியிட்ட பி1 ப்ரீஆம்ப், பெருக்கமே இல்லாத ஒரு பஃபர். இந்த மின்மறுப்புச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே அவர் பாதையில் டிரான்சிஸ்டரை வைத்தார்.

இசைத்தட்டுக்காரர் பாடு இன்னும் வேடிக்கை. எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். மின்சாரத்தில் ஓடும் ஃபோனோ ஸ்டேஜ் இல்லாமல் அவருடைய பேஸிவ் பெட்டி ஊமை. சாலிகிராமம் பிரசாத் ஸ்டூடியோவில் பதிவான பாட்டும் மைக் ப்ரீஆம்ப், மிக்சர், டேப் மெஷின் என எத்தனையோ பெருக்கிகளைத் தாண்டித்தான் தட்டில் ஏறியது. வீட்டில் இன்னொன்று சேர்ந்தால் மட்டும் தீட்டா?

பெட்டிக்கு விலை பேசுமுன் மூன்று எண்களைக் கேளுங்கள்: சிடி பிளேயரின் வெளியீட்டு மின்மறுப்பு, பவர் ஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு, கேபிளின் நீளம். 'காதை நம்புங்க அண்ணே' என்று மட்டும் பதில் வந்தால், காசை எடுக்காதீர்கள்.