மலை சரியும்போது யாரை அழைப்பது? வானொலி அனுமதிப்பத்திரமும் மலையகமும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது மலையகத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் ஒருசேர அற்றுப்போயின. வீதிகளை மண் மூடியது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்த அந்த அனர்த்தத்தில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. லயனில் இருந்தவர் உதவி கேட்கவும் வழியில்லை, வெளியில் இருந்த பிள்ளைகள் அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று அறியவும் வழியில்லை.

இது கடலில் நடந்திருந்தால் நிலைமை வேறு. பலநாள் மீன்பிடிப் படகுகள் வானொலிக் கருவியோடுதான் கடலுக்குப் போகின்றன. பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்டுபவருக்கும் 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் அந்தக் கருவியை இயக்க ஒரு குறுகிய பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். அமெரிக்காவில் உள்நாட்டுக் கடற்பரப்பில் மட்டும் ஓடும் சிறு படகுக்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை. இரண்டு நாடுகளின் அணுகுமுறையும் வேறாக இருந்தாலும், சாதாரண மனிதரின் கையில் கருவி இருக்கவேண்டும் என்பதை இரண்டுமே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இலங்கையில் தரையில் இருப்பவரின் கதை என்ன? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வானொலி பரப்பும் கருவியைப் பயன்படுத்துவது குற்றம். அதை வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அமெச்சூர் வானொலிக்கு அந்த ஆணைக்குழு பரீட்சை நடத்துகிறது. ஆரம்ப, பொது, உயர் என மூன்று தரங்கள். இந்தச் சட்டத்தின் பின்னால் போரின் நிழல் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு தமிழ் இளைஞனின் கையில் வோக்கி டோக்கி அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போர் முடிந்து 16 ஆண்டுகள் கழிந்தும் அந்தத் தயக்கம் நம் வீடுகளில் இருக்கிறது.

ஆனால் இதே நாட்டில்தான் 2004 சுனாமியின்போது, ஏனைய தொடர்புகள் செயலிழந்திருந்த அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். இலங்கை வானொலிச் சங்கத்தின் அன்றைய தலைவர் விக்டர் குணதிலகவும் நண்பர்களும் சிற்றலைக் கருவியையும் கார் பற்றரியையும் கொண்டு அதைச் செய்தார்கள்.

மலைநாட்டுக்கு இந்தச் சிற்றலை இன்னும் பொருந்தும். வோக்கி டோக்கியின் அலை நேர்கோட்டில் செல்வதால் இடையில் ஒரு மலை வந்தால் நின்றுவிடும். உச்சியில் மறு ஒலிபரப்பி வைத்தால்தான் அடுத்த பள்ளத்தாக்கை எட்டும். 7 மெகாஹேர்ட்ஸ் அளவிலான சிற்றலைக்கு அந்தத் தடை பெரிதல்ல. கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை ஏறக்குறைய நேர் மேலே போய், அயனமண்டலத்தில் பட்டு, சுற்றியுள்ள சில நூறு கிலோமீற்றருக்குள் இறங்கும். மஸ்கெலியாவின் பள்ளத்தில் இருந்து பகல் வேளையில் கொழும்போடு பேச ஒரு பற்றரியும் சில மீற்றர் கம்பியும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். அந்த ஒருவர்தான் நம்மிடம் இல்லை.

எச்சரிக்கை இருந்தும் மனிதர் இறந்த கதை மலையகத்துக்குப் புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கே தவறியது வானொலியல்ல. மாற்றுக் காணியும் வீடும் கொடுக்கப்படவில்லை. வானொலியைக் காட்டி அந்தப் பொறுப்பில் இருந்து அரசும் கம்பனிகளும் நழுவ இடம் கொடுக்கக்கூடாது. ஆனால் வீடு கிடைக்கும்வரை ஒவ்வொரு பருவமழையையும் அதே சரிவில்தான் மக்கள் கழிக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேறவேண்டும் என்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். நள்ளிரவில் கோபுரமும் செயலிழந்த பிறகு அதை லயனுக்குச் சொல்வது யார்?

எனவே கேட்கவேண்டியது பெரிய திட்டமல்ல. படகோட்டிக்குக் கொடுப்பதுபோன்ற ஒரு குறுகிய சான்றிதழ், தமிழில் பாடமும் பரீட்சையும், ஆபத்து வேளைக்கு மட்டுமான ஒரு பொது அலைவரிசை. தோட்டத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். பகலில் ஆண்கள் கொழும்பில் வேலை செய்யும் லயன்கள் எத்தனை என்பது அங்கே வாழ்பவருக்குத் தெரியும். கருவி துரையின் பங்களாவில் பூட்டப்படாமல் லயனுக்கு அருகில், பிள்ளை மடுவத்திலோ பாடசாலையிலோ இருக்கவேண்டும். செலவைக் கம்பனி ஏற்பதா, பிரதேச சபை ஏற்பதா என்ற இழுபறி நிச்சயம் வரும். தோட்டங்களுக்கும் பிரதேச சபை நிதியைச் செலவிட 2018இல் சட்டம் திருத்தப்பட்டது என்பதை அப்போது நினைவூட்டலாம்.