ஒரு வண்டிக்கு மூணு சாவி எதுக்கு?

பழைய ஜிப்ஸி வைத்திருப்பவரை சாவிக்கொத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இக்னிஷனுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, பெட்ரோல் மூடிக்கு ஒன்று. கேட்டால் "செகண்ட் ஹேண்ட் வண்டின்னா அப்படித்தான் சார்" என்பார். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்பதுதான் இன்றைய என் கட்சி.

என்னுடையது 1998 மாடல் ஜிப்ஸி கிங், ஹார்டு டாப். டேராடூனுக்கு மாற்றலாகி வந்த பிறகு வாங்கினேன். முன்னால் வைத்திருந்தவர் இக்னிஷன் பூட்டு கெட்டுப்போய் புதிதாக மாட்டியிருக்கிறார். கதவுகளில் இருந்தவை பழைய பூட்டுகள். பெட்ரோல் மூடி எங்கோ கடையில் வாங்கியது. ஆக மூன்று சாவி.

2019 டிசம்பரில் கோவில்பட்டியிலிருந்து அப்பா வந்திருந்தார். எல்லோருமாக தனோல்டி போய்விட்டுத் திரும்பினோம். வீட்டுக்காரம்மாவும் பிள்ளைகளும் நண்பர் குடும்பத்தின் காரில் முன்னால் போய்விட்டார்கள். நானும் அப்பாவும் சாப்பிடுவதற்காக வழியில் ஒரு தாபாவில் இறங்கினோம். பழக்க தோஷம், லாக்கை அமுக்கிவிட்டு ஹேண்டிலைத் தூக்கிப் பிடித்துக் கதவைச் சாத்திவிட்டேன். கையில் இருந்தது இக்னிஷன் சாவி. கதவுச் சாவி அம்மணியின் கைப்பையில், அது மசூரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் இன்சுலின் பை வண்டிக்குள், சீட் மேலேயே கண்ணுக்குத் தெரிகிறது. ஊசி போடாமல் சாப்பிட முடியாது, வெகுநேரம் சாப்பிடாமலும் இருக்க முடியாது. வெளியே எலும்பைக் குத்தும் குளிர்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு லாரி டிரைவர் கண்ணாடி ரப்பருக்குள் கம்பியை விட்டுத் திறந்து கொடுத்தார். அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஊரு பணத்தையெல்லாம் பூட்டி வைக்கிறவன், ஒன் வண்டியத் தொறக்க முடியலையேப்பா."

சுருக்கென்று இருந்தது. வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு ஆபீசர்களிடம். ஒருவர் மட்டும் தனியாகத் திறக்க முடியாது. அது யோசித்து வைத்த ஏற்பாடு, சாவி கை மாறினால் ரிஜிஸ்தரில் கையெழுத்து உண்டு. என் ஜிப்ஸியின் மூன்று சாவிக்குப் பின்னால் அப்படி எந்த யோசனையும் இல்லை. ஆளாளுக்கு ஒன்றை மாற்றி மீதியை அடுத்தவன் தலையில் கட்டியதுதான்.

"ஒரு சாவி தொலைந்தாலும் மற்றது பத்திரமாக இருக்குமே" என்று நண்பர் ஒருவர் வாதாடினார். இரண்டு கதவையும் திறக்கும் சாவி தொலைந்தால் இக்னிஷன் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே நின்று கும்மி அடிக்கலாம் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி பழைய வண்டிப் பூட்டுக்குள் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னத் தகடுகள். ஒவ்வொன்றிலும் உள்ள துளை ஒவ்வொரு உயரத்தில் இருக்கும். சரியான சாவியின் பல் எல்லாத் தகடையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பூட்டு சுழலும். ஆக, தகடுகளை இடம் மாற்றியோ வேறு போட்டோ பூட்டை வேறொரு சாவிக்குப் பழக்கிவிடலாம். முழு செட் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

முதலில் ஒரு சின்ன சோதனை. இக்னிஷன் சாவி கதவுப் பூட்டுக்குள் கடைசிவரை நுழைகிறதா பாருங்கள். சுழலாவிட்டால் பரவாயில்லை. நுழைந்தாலே பாதி வேலை முடிந்தது. நுழையவே இல்லை என்றால் அது வேறு வார்ப்பு, தகடு மாற்றிப் பயனில்லை. என் பெட்ரோல் மூடி அந்த ஜாதிதான். டில்லி காஷ்மீரி கேட்டில் சரியான வகை மூடியைத் தேடிப் பிடித்தேன்.

அடுத்து, எதை எதற்குப் பொருத்துவது? இங்கேதான் பலபேர் கோட்டை விடுகிறார்கள். பழைய கதவுச் சாவிக்கு இக்னிஷனை மாற்றாதீர்கள். அந்தக் கதவுச் சாவியின் நகல் முந்தைய ஓனர்கள், டிரைவர்கள், மெக்கானிக்குகள் என்று எத்தனை பேரிடம் இருக்கிறதோ! இக்னிஷனையும் அதற்கே மாற்றினால் வண்டியையே தூக்கிக் கொடுத்த மாதிரி. கடைசியாக மாட்டிய பூட்டு எதுவோ அதன் வழிக்கு மற்றவற்றைக் கொண்டுவாருங்கள். வேலையும் சுலபம். இக்னிஷன் பூட்டைப் பெரும்பாலும் தலை முறிந்த போல்ட்டால் ஸ்டியரிங் தண்டில் இறுக்கியிருப்பார்கள், கழற்றுவது பெரும்பாடு. கதவுப் பூட்டுக்கு உள்பக்க அட்டையைக் கழற்றி ஒரு கிளிப்பை உருவினால் போதும். எல்லாப் பூட்டும் பழசு, சாவி யார் யாரிடமோ என்றால் மட்டும் யோசிக்காமல் புது செட் போடுங்கள்.

மூன்றாவது, பக்கத்திலேயே நின்று செய்து வாங்குங்கள். "சப் மேட்சிங் ஹோ ஜாயேகா சாப்" என்று சிரித்துக்கொண்டே நாலு தகடைத் தூக்கிப் போட்டுவிடுகிற சாவிக்காரர்கள் உண்டு. உங்கள் சாவிக்குத் திறக்கும், ஊரில் இருக்கிற எல்லா சாவிக்கும் திறக்கும். முடிந்ததும் வேறொரு சாவியை விட்டுத் திருகிப் பாருங்கள், அசையக்கூடாது. வண்டி ஓடும்போதே இக்னிஷனிலிருந்து சாவி கழன்று வருகிறது என்றால் அந்தப் பூட்டும் சாவியும் தேய்ந்துவிட்டன. அதற்கு எதையும் பொருத்தாதீர்கள்.

பில்லையும் பழைய சாவிகளையும் தூக்கி எறியாதீர்கள். திருட்டு க்ளெய்ம் போட்டால் இன்சூரன்ஸ்காரர் எல்லா சாவியையும் கேட்பார். "அது எங்கே, இது ஏன் புதுசு" என்ற கேள்விக்கு அந்தக் காகிதம்தான் பதில். பேங்க்காரன் புத்தி என்று சிரித்தாலும் சரி.

இரண்டு கதவு, பின்கதவு என்று மூன்று பூட்டுக்கு எனக்கு ஆன கூலி 900 ரூபாய், அரை நாள். டயருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்தவன், இதைத் தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை.

ஊரை விட்டு இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம். இங்கே ராத்திரியில் மலைப்பாதையில் மாட்டிக்கொண்டால் ஓடிவர மாமனோ மச்சானோ கிடையாது. வண்டியில் இருப்பது நம் அப்பா அம்மா, நம் பிள்ளைகள். இப்போது எனக்கு ஒரு சாவி, அதே மாதிரி இன்னொன்று வீட்டுக்காரம்மாவிடம். அடுத்த முறை வந்தபோது அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் தானே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

உங்கள் கொத்தில் எத்தனை சாவி இருக்கிறது? எண்ணிப் பாருங்கள்.