'ஈஸ்ட் இல்லாமலும்' என்னும் பொய்

பத்திரிகைகளின் வார இறுதிச் சமையற் பக்கங்களிலும் இணையக் காணொளிகளிலும் ஓயாது வலம்வரும் தலைப்பு ஒன்று உண்டு. 'ஈஸ்ட் இல்லாமலும் வீட்டில் இந்திய ரொட்டி செய்யலாம்' என்பது அது. எனக்குப் பிணக்கு ரொட்டியோடு அன்று. அந்த 'உம்' என்ற இடைச்சொல்லோடு. இலக்கணம் படித்தோர் இதனை எச்சவும்மை என்பர். சொல்லாமல் விட்ட ஒன்றைச் சுட்டி நிற்பது அது. இங்கே சொல்லாமல் விடப்பட்டது எது? ஈஸ்ட் இட்டுச் செய்வதே முறை. ஈஸ்ட் இல்லாதது ஆபத்துக்குப் பாவமில்லை என்று செய்துகொள்ளும் மாற்று ஏற்பாடு என்பதே. ஓர் உபகண்டத்தின் அன்றாட உணவை ஓர் இடைச்சொல்லால் தலைகீழாக்கி விடுகிறார்கள்.

பஞ்சாபிய வீட்டின் புல்காவில் ஈஸ்ட் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் பராத்தாவில் இல்லை. குஜராத்தின் கம்பு ரொட்லா, மகாராஷ்டிரத்தின் சோளப் பாக்ரி, வட கர்நாடகத்தின் ஜோளத ரொட்டி, குளிர்காலத்தில் கடுகுக்கீரையோடு உண்ணும் மக்காச்சோள ரொட்டி, தணலிற் சுடப்படும் பீகாரின் லிட்டி, கைக்குட்டைபோல் மடித்து வைக்கப்படும் ரூமாலி ஆகிய எதிலும் இல்லை. நம்மவருக்கு இதனை நீட்டி விளக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டும் நம் ரொட்டிக்கு ஈஸ்ட் எங்கே என்று எவரேனும் கேட்டதுண்டா?

அப்படியானால் இந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது? 'இந்திய ரொட்டி' என்றதும் எழுதுபவரின் மனத்தில் தோன்றுவது சப்பாத்தி அன்று, நான் ரொட்டி. (பாரசீக மொழியில் 'நான்' என்றாலே ரொட்டிதான். ஆயினும் தமிழில் வெறுமனே 'நான்' என்று எழுதினால் எழுதியவரே அடுப்பில் ஏறிவிடுவார் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.) நான் ரொட்டி வீட்டு ரொட்டியாகப் பிறந்ததன்று. அது தந்தூர் அடுப்பின் பண்டம். தந்தூரின் உட்சுவர் 400 பாகை செல்சியசையும் தாண்டிக் கனலும். அத்தகைய அடுப்பை வீடுதோறும் வைத்து எரிக்க எவரிடமும் விறகு இருந்ததில்லை. நகரங்களில் அதனைச் சுட்டு விற்பதற்கு 'நான்பாய்' எனப்படும் தொழிலாளர் இருந்தனர். பஞ்சாபின் கிராமங்களில் பொதுத் தந்தூர் ஒன்று இருக்க, பெண்கள் பிசைந்த மாவைக் கொண்டுசென்று ரொட்டி சுட்டு வந்தனர். 1947இன் பிரிவினையில் பஞ்சாபிலிருந்து டில்லிக்கு வந்த அகதிகள் தந்தூர்ச் சமையலை உணவகத் தொழிலாக வளர்த்தனர். அங்கிருந்து அது இலண்டனுக்கும் பிற நகரங்களுக்கும் பரவியது. உணவகம் சென்ற வெளிநாட்டவர் அங்கே கண்டதையே இந்தியாவின் ரொட்டி என்று கொண்டனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கண்டதை மொழிபெயர்த்து நமக்கே திருப்பித் தருகிறார்களே நம்மவர்கள், அவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இதன் பின்னால் வேறொன்றும் உண்டு. தந்தூர் ரொட்டியைச் சுடுபவர் பெரும்பாலும் கூலி பெறும் ஆண். அதற்கு விலையுண்டு, விலைப்பட்டியலில் இடமுண்டு. சப்பாத்தியைச் சுடுபவர் வீட்டுப் பெண். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு ஒரு வேளைக்குப் பதினைந்து, இருபது என்று தேய்த்து, மற்றவர் சூட்டோடு உண்டு எழும்வரை அடுப்படியில் நின்று, இறுதியில் ஆறியதைத் தான் உண்பவர் அவர். மலையகத்தின் லயன் அறைகளில் விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். கூலியில்லாத உழைப்பு கண்ணுக்குப் படுவதில்லை. அவ்வுழைப்பில் விளைந்த ரொட்டியும் 'இந்திய ரொட்டி' என்ற கணக்கில் சேர்வதில்லை. உணவகத்து ரொட்டி முறையாகி, வீட்டு ரொட்டி 'இல்லாமலும்' ஆனது இவ்வாறுதான்.

சரி, நான் ரொட்டியையே எடுத்துக்கொள்வோம். அதற்கேனும் ஈஸ்ட் ஆதியிலிருந்து உயிர்நாடியாக இருந்ததா? அபுல் ஃபசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'ஆயின்-இ-அக்பரி' அக்பரின் அரண்மனைச் சமையலைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அடுப்பில் வெதுப்பும் பெரிய ரொட்டிக்கு அது தரும் கணக்கு: 10 சேர் மா, 5 சேர் பால், ஒன்றரைச் சேர் நெய், கால் சேர் உப்பு. புளிக்கவைக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. பழைய மாவில் ஒரு பிடியைப் புதிய மாவில் சேர்ப்பது சொல்லித் தெரியவேண்டியதன்று என்பதால் விடுபட்டிருக்கலாம் என வாதிடுவோர் வாதிடட்டும். அப்படியே கொண்டாலும் அது புளித்த மா. பொட்டலத்து ஈஸ்ட் அன்று. அதே பகுதியில் இரும்புத் தட்டில் சுடும் மெல்லிய ரொட்டியும் வருகிறது. அதில் ஒரு வகை சப்பாத்தி. சூடாக உண்டால் சுவையானது என்ற குறிப்பும் உண்டு. பேரரசரின் வரலாற்றாசிரியருக்கு இழுக்காகத் தோன்றாத சப்பாத்தி நம் சமையற் பக்க ஆசிரியர்களுக்கு இழுக்காகத் தோன்றுகிறது!

புளித்த ரொட்டி இந்தியாவில் இருந்ததே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழைய டில்லியின் கமீரி ரொட்டி பெயரிலேயே புளித்த மாவைச் சுமந்திருக்கிறது. கோவாவில் போர்த்துக்கேயர் பாண் சுட முற்பட்டபோது மாவைப் பொங்கவைக்கக் கள்ளைப் பாவித்தார்கள். நம் அப்பத்துக்கும் கள் விட்ட காலம் ஒன்று இருந்தது. இவையெல்லாம் அந்தந்த மண்ணின் காற்றிலும் பானையிலும் இருந்த நுண்ணுயிர்கள் செய்த வேலை. நம் பாடநூல்கள் மதுவம் என்று பெயரிட்ட அந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து, அமுக்கிக் கட்டியாக்கி விற்பது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வளர்ந்த தொழில். நெடுநாள் கெடாத உலர் ஈஸ்ட் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்குப் பாண் சுடுவதற்காக உருவானது. அந்தக் குருணையைத்தான் இன்று 'பாரம்பரியச் செய்முறை' என்ற தலைப்பின்கீழ் இரண்டு தேக்கரண்டி போடச் சொல்கிறார்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோனது நினைவிருக்கும். ஊரடங்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பாண் சுடத் தொடங்கியதன் விளைவு அது. 'ஈஸ்ட் இல்லாமலும்' தலைப்புகள் புற்றீசலாய்க் கிளம்பியது அப்போதுதான். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு அது உண்மையான இடர்ப்பாடு. பாணைத் தவிர வேறு தெரியாதவர் அவர். அதைத் தமிழிற் பெயர்த்தவருக்கு என்ன இடர்ப்பாடு?

இன்னொரு தரப்பும் இருக்கிறது. ஈஸ்ட் வயிற்றைக் கெடுக்கும், அது ஒருவகை நஞ்சு என்று அச்சுறுத்தி, 'ஈஸ்ட் அற்றது' என்ற பட்டத்தோடு செய்முறையும் பொதி ரொட்டியும் விற்பவர்கள். ஈஸ்ட் நஞ்சன்று. அடுப்பின் வெப்பத்தில் அது இறந்துவிடும். ஒவ்வாமையினாலோ சமயக் கட்டுப்பாட்டினாலோ அதனைத் தவிர்ப்போர் உண்டு. அது அவர்களின் நியாயம். வேதிப்பொருளால் மாவைப் பொங்கவைக்கும் வழக்கத்தின் வரலாற்றிலும் அத்தகைய ஒரு தேவைக்கு இடமுண்டு. பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்தாளர், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக 1843இல் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். நல்ல காரியம். ஆனால் வெள்ளை மாவை எடுத்து, அதில் அந்தப் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டு 'உடலுக்கு உகந்த ரொட்டி' என்பவர்களின் காரியம் வேறு. உகந்ததா என்பதைத் தீர்மானிப்பதில் ஈஸ்டுக்கு ஏறத்தாழப் பங்கே இல்லை, மாவுக்கே பங்கு.

மா என்றதும் நம் சமையற் பக்கங்கள் செய்யும் பெரும் பிழையையும் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழகத்தில் 'கோதுமை மாவு' என்றால் தவிட்டோடு அரைத்த மா, தீட்டியது மைதா. இலங்கையிலோ 'கோதுமை மா' என்றாலே தீட்டிய வெள்ளை மா. தவிட்டோடு உள்ளதற்கு ஆட்டா மா என்று பெயர். தமிழக நூலொன்றின் சப்பாத்திச் செய்முறையை எழுத்து மாறாமல் எடுத்து இலங்கைப் பத்திரிகையில் போட்டால், வாசகி வெள்ளை மாவைப் பிசைந்து, இழுத்தால் இறப்பர்போல் சுருங்கும் ஒன்றோடு மல்லுக்கட்டுவார். 'எனக்குச் சப்பாத்தி வராது' என்ற முடிவுக்கும் வருவார். வராதது அவருக்கன்று, பத்தியை வெட்டி ஒட்டியவருக்கு.

கல்லில் அரைக்கும் ஆட்டா மாவில் மாச்சத்துத் துணிக்கைகள் உடைந்திருக்கும். உடைந்த துணிக்கை அதிகம் நீர் குடிக்கும். நீர் குடித்த மாவே மென்மையான சப்பாத்தி தரும். 1960களில் மெக்சிக்கோவிலிருந்து இந்தியாவுக்கு வந்த குட்டைக் கோதுமை விளைச்சலில் சிறந்தது. ஆயினும் அதன் மணி சிவப்பு. சப்பாத்தி உண்ணும் மக்கள் பொன்னிற மணியைக் கேட்டார்கள். கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனும் அவரோடு புதுடில்லியில் பணியாற்றியவர்களும் சொனோரா 64 என்ற சிவப்பு இனத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பொன்னிற மணியுள்ள சர்பதி சொனோராவைப் பெற்றது இதனாலேயே. பசுமைப் புரட்சியின் கோதுமையையே வளைத்த ரொட்டியை 'இல்லாமலும்' என்று ஒதுக்குவது என்ன அறிவு?

குறை சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் போகாதவன் என்ற பழி வேண்டாம். வீட்டில் நான் ரொட்டிதான் வேண்டுமென்போருக்கு: தீட்டிய மா 250 கிராம், புளித்த கெட்டித் தயிர் அரைக் கோப்பை, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மிதமான சூட்டில் நீரோ பாலோ தெளித்து, கையில் சற்றே ஒட்டும் பதத்தில் பிசையவேண்டும். அரைக் கோப்பைத் தயிரின் புளிப்பு கால் தேக்கரண்டிச் சோடாவுக்குச் சரியாகும். இரண்டும் கலந்தால் காபனீரொட்சைட்டு வாயு எழும், மா இலகும். சோடாவை மிகைப்படுத்தினால் புளிப்புக்கு அகப்படாத மிச்சம் சவர்க்காரச் சுவையாய் நாவில் நிற்கும். கலந்தவுடனேயே வாயு எழத் தொடங்குவதால் இரவு முழுக்க வைப்பதில் பயனில்லை. ஒன்று முதல் இரண்டு மணி நேரம் மூடிவைத்தால் போதும். அது வாயுவுக்காக அன்று, பிசைந்த மாவின் முறுக்குத் தளர்வதற்காக.

ஆறாகப் பிரித்துத் தேய்த்து, ஒரு பக்கத்தில் நீர் தடவி, நன்கு காய்ந்த இரும்புக் கல்லில் ஈரப் பக்கம் படும்படி ஒட்டவேண்டும். மேலே கொப்புளம் எழும்போது கல்லை அப்படியே கவிழ்த்துச் சுவாலையில் காட்டினால் தந்தூரின் கரும்புள்ளிகள் விழும். ஒட்டாத பூச்சுள்ள கல்லில் இதைச் செய்யாதீர்கள். ரொட்டி அடுப்புக்குள் விழும், பூச்சும் அந்த வெப்பத்துக்கு ஆனதன்று. உணவகத்து நான் ரொட்டியை நான் ரொட்டியாக்குவது பெரிதும் வெப்பமே என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் அன்றாடத்துக்கு ஆட்டா மாவும் நீரும் உப்பும் போதும். 250 கிராம் மாவுக்கு ஏறத்தாழ 170 மில்லிலீற்றர் நீர். பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்தல். காய்ந்த கல்லில் முதற் பக்கம் நிறம் மாறியதும் திருப்பி, மறுபக்கத்தில் சிறு புள்ளிகள் விழுந்ததும் சுவாலைக்கு மாற்றினால் அது பந்தாக உப்பும். இதிலே நுரைக்கும் பொருள் எதுவும் இல்லை. இருபக்கமும் தோல் இறுகிவிட, நடுவிலுள்ள நீர் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்களவில் விரிந்து இரண்டு தோல்களையும் பிரிக்கிறது. உப்பவில்லையாயின் மாவைச் சபிக்காமல் தேய்த்ததைப் பாருங்கள். ஓரம் தடித்து நடு மெலிந்திருக்கும், அல்லது மடிப்பு விழுந்து ஆவி கசிந்திருக்கும். ரொரன்ரோவிலும் ஒஸ்லோவிலும் மின்னடுப்போடு இருப்பவர்கள் கல்லிலேயே வைத்து, மடித்த துணியால் ஓரங்களை மெல்ல அழுத்தினால் ஆவி நடுவுக்குத் தள்ளப்பட்டு உப்பும். எடுத்ததும் பருத்தித் துணியிற் சுற்றி வைக்கவேண்டும். ஒருவர் தேய்க்க மற்றவர் சுட்டால் இருபது ரொட்டி அரை மணி நேர வேலைதான். அந்த மற்றவர் வீட்டின் ஆண்களில் ஒருவராகவும் இருக்கலாம். இந்த 'உம்' எனக்கு உடன்பாடானது.