பட்டியலில் ஒன்று குறைந்தது

காலை 5.20 மணி. ஆறு மணி நிகழ்ச்சிக்காக ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, கோப்பியை மேசையில் வைத்தேன். கைப்பேசியில் ஒரு நேயரின் வாட்ஸ்அப் செய்தி காத்திருந்தது. "தம்பி, ரேடியோ பெட்டியில பாட்டு கேக்குது. ஃபோன்ல ஒன்னும் வரல. என் சிம்கார்டு கெட்டுப்போச்சா?"

அவருடைய சிம்கார்டு நன்றாகத்தான் இருந்தது. கோளாறு எங்கள் சர்வரில்.

வானொலி அலைவரிசை ஒரு வழி, இணைய ஒலிபரப்பு வேறு வழி. இணையத்துக்குப் பாட்டை அனுப்புவது ஒரு லினக்ஸ் சர்வர். அதில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய ஐந்து புரோசஸ்களின் பெயர்களை எங்கள் தொழில்நுட்ப அண்ணன் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். புரோசஸ் என்றால், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள் வேலை. கல்யாண வீட்டில் வாசலுக்கு ஒருவர், பந்திக்கு ஒருவர், மொய் எழுத ஒருவர் என்று நிற்பதைப் போல, சர்வரிலும் ஆளுக்கொரு வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் எண்ணும் உண்டு.

தாளில் ஐந்து பெயர். திரையில் நான்குதான். ஒலிபரப்பைக் கவனிக்கும் புரோசஸைக் காணோம்.

நம்மில் பலருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் 'ரீஸ்டார்ட்'. என் கையும் அங்கேதான் போனது. நல்லவேளை, அதற்கு முன் அண்ணனை அழைத்தேன்.

"அண்ணே, ஒன்னு குறையுது. திரும்ப ஸ்டார்ட் பண்ணிடவா?"

"கைய வைக்காத தம்பி. அது தானா செத்துச்சா, யாராவது கொன்னாங்களான்னு பாக்காம எழுப்பக்கூடாது. நான் வீட்ல இருந்தே சர்வருக்குள்ள வர்றேன். நீ மாத்து கம்ப்யூட்டர்ல இருந்து ஒலிபரப்ப ஆரம்பி."

5.45க்கு இணையத்தில் பாட்டு திரும்பியது. அதற்குள் அவர் சர்வரைத் துருவத் தொடங்கியிருந்தார். அன்று தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டதைத்தான் இந்த வாரம் உங்களுடன் பகிர்கிறேன்.

ஒரு புரோசஸ் காணாமல் போகப் பல காரணங்கள் இருக்கலாம். மென்பொருளே பிழையால் நின்றிருக்கலாம். இரவில் சர்வர் அணைந்து மீண்டும் எழுந்தபோது, அந்தப் புரோசஸ் மட்டும் தானாகத் தொடங்காமல் விட்டிருக்கலாம். நினைவகம் நிரம்பி வழிந்தால், லினக்ஸே ஒரு புரோசஸைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும். எல்லாம் ஒன்றாக முடங்காமல் இருக்க அது செய்யும் தியாகம் அது. இவை எல்லாம் சாதாரணக் கோளாறுகள்.

அடுத்தவைதான் கவலைக்குரியவை. உள்ளே புகுந்த ஒருவர் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கலாம். அல்லது, புரோசஸ் ஓடிக்கொண்டிருந்தும் பட்டியலில் தெரியாமல் இருக்கலாம். பட்டியலைக் காட்டும் கட்டளையையே மாற்றிவைத்துப் பொய் சொல்ல வைக்கும் தீய மென்பொருள்கள் உண்டு. அதனால் அண்ணன் அந்தப் பட்டியலை மட்டும் நம்பவில்லை. லினக்ஸ் ஒவ்வொரு புரோசஸுக்கும் அதன் எண்ணிலேயே ஒரு கோப்புறை வைத்திருக்கும். அங்குள்ள எண்களையும் பட்டியலில் உள்ள எண்களையும் ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின.

பிறகு பதிவேட்டைப் புரட்டினார். அதிகாலை 3.47க்கு நினைவகம் தீர்ந்துபோனதால் ஒலிபரப்புப் புரோசஸ் நிறுத்தப்பட்டதாக அதில் இருந்தது. "அப்பாடா, சாதாரணக் கோளாறுதான்!" என்றேன்.

"இரண்டு வருஷமா பத்தின மெமரி இன்னிக்கு ஏன் பத்தல?" என்றார் அவர்.

அந்தக் கேள்விதான் திருப்புமுனை. எது அதிக நினைவகம் தின்கிறது என்று வரிசைப்படுத்தியபோது, முதலிடத்தில் தாளில் இல்லாத ஒரு பெயர். பார்த்தால் லினக்ஸின் சொந்தப் புரோசஸ் போலவே இருந்தது. ஓர் எழுத்து மட்டும் கூடுதல். தற்காலிகக் கோப்புகளைப் போட்டுவைக்கும் இடத்திலிருந்து அது ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சர்வரின் மின்சாரத்திலும் வேகத்திலும் முகம் தெரியாத யாருக்கோ மின்னிலக்க நாணயம் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. குறைந்துபோன ஒன்றைத் தேடப்போய், கூடுதலாக வந்து உட்கார்ந்த ஒன்றைக் கண்டுபிடித்தோம்.

எப்படி உள்ளே வந்தார்கள்? யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்ற பதிவில், முந்தைய சில இரவுகளில் வெளிநாட்டிலிருந்து ஒரு கணக்கு பயன்படுத்தப்பட்டிருந்தது. அந்தக் கணக்கின் பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று மாத சிறப்பு நிகழ்ச்சி ஒன்றுக்காக வந்த விருந்தினருக்கு நான் கேட்டு வாங்கிய கணக்கு அது. கடவுச்சொல், நிகழ்ச்சியின் பெயரும் அந்த ஆண்டும். விருந்தினர் போய்விட்டார். கணக்கை மூடச் சொல்ல நான் மறந்துவிட்டேன்.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. மூன்று நாளாகவே பாட்டுக் கோப்புகளை ஏற்றும்போது சர்வர் இழுத்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊடகத் துறை படித்தவன், கணினியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்களோ என்ற தயக்கம்.

இந்தத் தயக்கத்தின் விலை எவ்வளவு பெரியதாகலாம் என்பதைச் சிங்கப்பூர் 2018இல் பார்த்தது. சிங்ஹெல்த் தாக்குதலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் சுமார் 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றில் அடங்கும். ஜூலை 4ஆம் தேதி, தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான தேடல்கள் ஓடுவதை ஊழியர் ஒருவர் கவனித்து நிறுத்தினார். ஆனால் தோல்வியடைந்த உள்நுழைவு முயற்சிகள் ஜூன் மாதத்திலேயே ஊழியர்களின் கண்ணில் பட்டிருந்தன. முக்கியப் பொறுப்பில் இருந்த சிலர் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று விசாரணைக் குழு 2019 ஜனவரியில் வெளியான அறிக்கையில் கூறியது. கண்ணில் பட்ட அடையாளம், சொல்ல வேண்டியவர்களின் காதுக்கு வேகமாகப் போய்ச் சேரவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2024 மார்ச்சில், ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்தபோது, உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் புதிய பதிப்பில் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. உடனே பகிரங்கமாகச் சொன்னார். அது பரவலாகப் போய்ச் சேருவதற்குள் தடுக்கப்பட்டது.

எங்கள் சர்வருக்கு என்ன ஆனது? அண்ணன் அதன் மின்சாரத்தை அணைக்கவில்லை. அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயங்கள் அழிந்துவிடும். இணையத் தொடர்பை மட்டும் துண்டித்து, தடயங்களைப் பிரதி எடுத்து, நிர்வாகத்திடம் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினார். கடவுச்சொற்கள் அனைத்தும் மாறின. பழைய கணக்குகள் மூடப்பட்டன.

"எங்க வீட்டில் சர்வர் இல்லையே" என்கிறீர்களா? உங்கள் கையிலேயே ஒரு கணினி இருக்கிறது. கைப்பேசியில் பாதுகாப்புச் செயலி தானாக அணைந்திருக்கிறதா? தெரியாத செயலி ஒன்று திரையைப் பார்க்கவும் இயக்கவும் அனுமதி வாங்கியிருக்கிறதா? சும்மா வைத்திருந்தாலும் சூடாகிறதா? இவற்றில் எதுவும் ஆபத்து என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் காரணம் தெரியும்வரை விடக்கூடாது. சந்தேகம் வலுத்தால் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். மோசடியோ என்ற ஐயம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. மலேசியாவில் உள்ள சொந்தக்காரர்கள் பணத்தைப் பறிகொடுத்துவிட்டால் 997ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீட்டில் அம்மாவோ தாத்தாவோ "ஃபோன் ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால், "உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியல" என்று முடித்துவிடாதீர்கள். ஒரு முறை சிரித்துவிட்டால், அடுத்த முறை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

அன்று நிகழ்ச்சி முடிந்ததும் அந்த நேயருக்குப் பதில் அனுப்பினேன்: "சிம்கார்டு நல்லாத்தான் இருக்கு அங்கிள். நீங்க சொன்னதாலதான் நாங்க திருடனைப் பிடிச்சோம்."

திரைக்குப் பக்கத்தில் இப்போது புதிய தாள் ஒட்டியிருக்கிறது. ஐந்து பெயர்களுக்குக் கீழே அண்ணனின் கைப்பேசி எண். அதற்கும் கீழே, என் கையெழுத்தில் ஒரு வரி: "சந்தேகமா இருந்தா, எந்த நேரமானாலும் கூப்பிடு."