விற்றவர் தவறுக்கு வாங்கியவரா பொறுப்பு?



சிறு வணிகர் சரக்கு வாங்கும்போதே பில்லில் உள்ள ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அதை விற்றவர் அரசுக்குக் கட்டாவிட்டால் பாதிக்கப்படுவது வாங்கியவர்தான். நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30-க்குள் விற்றவர் வரி செலுத்தும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்யாவிட்டால், வாங்கியவர் கொள்முதலில் கொடுத்த வரிக்காகத் தாம் எடுத்த உள்ளீட்டு வரி வரவை நவம்பர் 30-க்குள் திருப்ப வேண்டும் என்கிறது ஜிஎஸ்டியின் 37ஏ விதி. தவறினால் வட்டியும் சேரும். பின்னர் விற்றவர் தாக்கல் செய்தால் வரவு மீளும் என்பது உண்மை. ஆனால், அதுவரை முடங்குவது கடையின் முதல்.

இந்தப் பிடி தளர்ந்தால் போலி பில்கள் பெருகும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால், லாரி ரசீதும் வங்கிக் கணக்கும் சாட்சி சொல்லும் வணிகரைப் போலிகளோடு ஒரே தட்டில் வைக்கலாமா? பதிவை ரத்து செய்யும் அதிகாரமுள்ள துறை முதலில் விற்றவரிடம் வசூலிக்கட்டும். சட்டமும் அப்படியே திருத்தப்பட வேண்டும்.

- வாசகர், ஈரோடு